வாசகர் கேள்வி – பதில்: பொமோனா வரை நீண்ட ரயில்

சென்ற இதழில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மெட்ரோ ரயிலின் 'ஏ' தடம், 2025 செப்டம்பர் 19 அன்று அஸூசாவிலிருந்து பொமோனா வரை நீட்டிக்கப்பட்டதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். க்ளெண்டோரா, சான் டிமாஸ், லா வெர்ன், பொமோனா ஆகிய நான்கு ஊர்களிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டுள்ளன. புதிய பாதையின் நீளம் 9.1 மைல். இதனால் லாங் பீச் கடற்கரையிலிருந்து பொமோனா வரை ஏறக்குறைய 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர், வண்டி மாறாமல் போக முடிகிறது. இலகு ரயில், அதாவது வழக்கமான ரயிலைவிடச் சிறிய மின்சார வண்டிகள் ஓடும் தடங்களில், உலகிலேயே மிக நீளமானது இதுதான். ஒரு பத்தி அளவே இருந்த அந்தக் குறிப்புக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கடிதங்கள் வந்துள்ளன. பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் பெற்றோர் எழுதியவைதாம் அவற்றில் பெரும்பாலானவை. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகன் குடும்பம் க்ளெண்டோராவில் இருக்கிறது. சென்ற முறை போயிருந்தபோது, அவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பினால் மாலை வரை நாங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. இப்போது பக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது என்கிறான். கார் ஓட்டத் தெரியாத நானும் என் கணவரும் தனியாகப் போய்வர முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

முடியும், அம்மா. இந்தத் தடத்தால் உண்மையான பயன் பெறப்போகிறவர்கள் உங்களைப் போன்றவர்கள்தாம் என்பது என் கருத்து. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கார் ஓட்டாத ஒருவர் பால் வாங்குவதற்குக்கூட இன்னொருவரின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முதியோர், பள்ளிப் பிள்ளைகள், கண்பார்வை குறைந்தவர்கள், கார் வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அங்கே இதுதான் நிலை. நினைத்த நேரத்தில் புறப்பட்டுப் போய், நினைத்த நேரத்தில் திரும்பிவர ஒரு வழி கிடைத்தால், அங்கே நீங்கள் தங்கும் மாதங்களின் தன்மையே மாறிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, வீட்டிலிருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். 'பக்கத்திலேயே' என்று மகன் சொன்னால் அது கார் கணக்கில் பக்கமா, கால் கணக்கில் பக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மைல் என்பது அங்கே ஐந்து நிமிடத் தொலைவு. நமக்கு அது முக்கால் மணி நேர நடை. கோடையில் அந்த உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயில் 38 பாகையைத் தாண்டும் நாள்கள் உண்டு, நடைபாதையில் எல்லா இடத்திலும் மர நிழல் இருக்காது. ஆகவே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மாலை நேரத்தில் மகனையும் கூட்டிக்கொண்டு நிலையம் வரை நடந்து பாருங்கள். நடக்க முடியாத தூரமாக இருந்தால், அவ்வட்டாரத்தில் ஓடும் ஃபுட்ஹில் ட்ரான்ஸிட் பேருந்து உங்கள் தெருவுக்கு அருகில் வருகிறதா என்று விசாரியுங்கள். ரயிலுக்கு வாங்கும் அதே 'டேப்' அட்டை அந்தப் பேருந்திலும் செல்லும்.

'டேப்' அட்டை என்பது நம் மெட்ரோ அட்டையைப் போன்றதே. நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் வாங்கலாம். அட்டைக்குத் தனியாக 2 டாலர் ஆகும். ஒரு முறை ஏறுவதற்குக் கட்டணம் 1.75 டாலர். ஒரு நிலையம் போனாலும் கடைசி நிலையம் வரை போனாலும் இதே தொகைதான். இரண்டு மணி நேரத்துக்குள் வேறொரு மெட்ரோ ரயிலுக்கோ மெட்ரோ பேருந்துக்கோ மாறினால் மறுபடி கட்டணம் பிடிப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 டாலர், ஏழு நாளைக்கு 18 டாலர் என்று உச்சவரம்பும் உண்டு; அதற்கு மேல் எத்தனை முறை ஏறினாலும் பணம் குறையாது. 62 வயது நிறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. அதற்கான தனி அட்டைக்கு, வயதைக் காட்டும் அடையாளச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். பல மாதங்கள் தங்குபவர்களுக்கு அந்த முயற்சி வீண்போகாது.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். தரைமட்டத்தில் உள்ள பல நிலையங்களில் நம் ஊர் மெட்ரோவைப் போலத் திறந்து மூடும் தடுப்புக் கதவுகள் கிடையாது. நடைமேடைக்குப் போகும் வழியில் இடுப்புயரத்தில் ஒரு கம்பம்போல நிற்கும் கருவியில் அட்டையை நாமாகவே ஒற்ற வேண்டும். யாரும் தடுக்கவில்லை என்பதற்காக ஒற்றாமல் ஏறிவிட்டால், பரிசோதகர் வரும்போது அபராதம் கட்ட நேரிடும். உங்கள் இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு முறை ஒற்ற முடியாது.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளிடம் இதை யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை இல்லை, ரயிலிலும் இல்லை. நகர மையத்திலுள்ள யூனியன் ஸ்டேஷனில் உண்டு. ஆனால் க்ளெண்டோராவிலிருந்து அதுவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் முதல் பயணங்களைப் பாசடீனாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கினால் பழைய பாசடீனாவின் கடைவீதி சில நிமிட நடையில் இருக்கிறது. உணவகம், புத்தகக் கடை, உட்கார நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தப் பயணம் பழகிய பிறகு நகர மையத்துக்குப் போகலாம்.

இந்த ரயிலில் முழுத் தூரமும் போனால் என்ன பார்க்கலாம்? எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த கோடையில் மகள் வீட்டுக்குப் போகிறோம்.
— வாசகர், மதுரை

பொமோனாவில் ஏறி லாங் பீச்சில் இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரமாகப் போகிறவர்களுக்கு ஏற்ற பயணம் இல்லை. ஊரை அறிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கோ இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பொமோனாவிலிருந்து கிளம்பும்போது வண்டியின் வலப்புறம் உட்காருங்கள். பாசடீனா வரை சான் கேப்ரியல் மலைத்தொடர் அந்தப் பக்கம் கூடவே வரும். குளிர்காலத்தில் மழை பெய்த மறுநாள் போனால் உச்சிகளில் பனி படிந்திருப்பதைக் காணலாம். சான்டா ஃபே ரயில்வே ஒரு காலத்தில் சரக்கும் பயணிகளும் ஏற்றிச் சென்ற பாதை இது. அதனால்தான் வழியிலுள்ள ஊர்களின் பழைய கடைவீதிகள் தண்டவாளத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. பாதையைப் புதிதாகப் போட்டாலும், ரயிலுக்காகப் பிறந்த ஊர்களுக்குத்தான் ரயில் திரும்பி வந்திருக்கிறது. லா வெர்னில் பல்கலைக்கழகம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. டுவார்ட்டேயில் 'சிட்டி ஆஃப் ஹோப்' என்ற பெரிய புற்றுநோய் மருத்துவமனையின் எதிரிலேயே நிலையம். சிகிச்சைக்காக அடிக்கடி போய்வர வேண்டிய ஒருவருக்கு, தினமும் யாரையாவது காரோட்டச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆர்கேடியாவில் வண்டி 210ஆம் எண் விரைவுச்சாலைக்கு மேலேறிக் கடக்கிறது. அந்தப் பாலத்தின் தூண்கள் இரண்டின் மேல், அவ்வட்டாரப் பழங்குடிகளின் கூடைகளை நினைவூட்டும் பிரம்மாண்டமான கூடை வடிவங்களை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரயில் அதே விரைவுச்சாலையின் நடுவிலேயே ஓடத் தொடங்கும். சியரா மாட்ரே வில்லா, ஆலன், லேக் என்ற மூன்று நிலையங்களும் சாலையின் நட்ட நடுவில் உள்ளன. அங்கே நடைமேடையில் நின்றால் இரு பக்கமும் வாகனங்கள் சீறிக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும், புகையும் தூசியும் முகத்தில் அடிக்கும். நிலம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக நிலையங்களை இப்படி அமைத்தால், காத்திருக்கிறவர்கள் படும் பாட்டை யார் கணக்கில் எடுத்துக்கொள்வது? நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் சாலையின் இரைச்சலைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டியிருக்கிறது.

மெமோரியல் பார்க்கைத் தாண்டி வரும் டெல் மார் நிலையம் இதற்கு நேர்மாறானது. அங்கே ரயில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஊடாகவே போகிறது. மேலே மக்கள் குடியிருக்கிறார்கள், கீழே வண்டி நிற்கிறது. இந்த இரண்டு வகை நிலையங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதற்காகவாவது இப்பயணத்தை ஒரு முறை மேற்கொள்ளலாம்.

பிறகு தெற்குப் பாசடீனா, ஹைலண்ட் பார்க் வழியாக வீடுகளுக்கு நடுவே வண்டி மெதுவாக ஊர்ந்து, சைனாடவுனைத் தாண்டி, 1939இல் கட்டிய யூனியன் ஸ்டேஷனுக்கு வரும். முன்பெல்லாம் பாசடீனா ரயில் இங்கிருந்து லாங் பீச் பக்கம் போகாது. சுரங்க ரயிலுக்கு மாறி, ஏழாம் தெருவில் இன்னொரு முறை மாறியாக வேண்டும். 2023 ஜூன் 16 அன்று திறந்த 1.9 மைல் சுரங்க இணைப்புத்தான் இரு தடங்களையும் ஒன்றாக்கியது. அந்தச் சுரங்கத்தில் மூன்று நிலையங்கள்: லிட்டில் டோக்கியோ, ஹிஸ்டாரிக் பிராட்வே, கிராண்ட் அவென்யூ. பிராட்வேயில் இறங்கினால் 1917 முதல் நடந்துவரும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டில் மதிய உணவு சாப்பிடலாம்; கிராண்ட் அவென்யூவில் இறங்கினால் டிஸ்னி இசையரங்கைப் பார்க்கலாம். மாலை வெயில் தணிந்த பிறகு லாங் பீச் போய்ச் சேர்வதுபோல நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் முன்பு ஊரெங்கும் மின்சார ரயில்கள் ஓடின என்றும், கார் கம்பெனிகள் அவற்றை விலைக்கு வாங்கி அழித்துவிட்டன என்றும் படித்திருக்கிறேன். உண்மையா?
— வாசகர், திருச்சி

ரயில்கள் ஓடியது உண்மை. அழிந்த கதை மட்டும் நீங்கள் படித்ததைவிடச் சிக்கலானது.

ஹென்றி ஹண்டிங்டன் என்ற செல்வந்தர் 1901இல் பசிஃபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சிவப்பு வண்டிகள் சான்டா மோனிகா, லாங் பீச், பாசடீனா, சான் பெர்னார்டினோ என்று நாலா திசையிலும் ஓடின. அந்த நிறுவனம் உச்சத்தில் இருந்தபோது அதன் தண்டவாளம் 1,000 மைலுக்கு மேல். நகருக்குள் மஞ்சள் வண்டிகள் ஓட்டியது லாஸ் ஏஞ்சலஸ் ரயில்வே என்ற வேறொரு நிறுவனம். ஹண்டிங்டனுக்கு ரயில் ஒரு தூண்டில்தான். ஊருக்கு வெளியே நிலத்தை வாங்கிப் போட்டு, அங்கே ரயிலை ஓட்டி, பிறகு மனைகளாகப் பிரித்து விற்பார். இலாபம் நிலத்தில் வந்தது, ரயிலில் வரவில்லை. மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு ரயிலை நன்றாக நடத்த வேண்டும் என்ற அக்கறை யாருக்கு இருக்கும்? 1911இல் சிவப்பு வண்டிகள் சதர்ன் பசிஃபிக் ரயில்வேயின் கைக்கு மாறின.

1920களில் கார்கள் பெருகின. சிவப்பு வண்டிகளும் நகருக்குள் அதே சாலைகளில்தான் வர வேண்டியிருந்தது. கார் நெரிசலில் ரயில் தாமதமாயிற்று, தாமதமானதால் பயணிகள் குறைந்தனர், பயணிகள் குறைந்ததால் பராமரிப்பு குறைந்தது. க்ளெண்டோராவுக்கு ஓடிய வண்டி 1951இல் நின்றது. கடைசியாக மிஞ்சியிருந்த லாங் பீச் தடமும் 1961 ஏப்ரலில் நின்றுபோனது, மஞ்சள் வண்டிகள் 1963இல் ஓய்ந்தன.

கார் கம்பெனிகளின் பங்கும் கற்பனை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன் முதலான நிறுவனங்கள் முதலீடு செய்த நேஷனல் சிட்டி லைன்ஸ், 1945இல் மஞ்சள் வண்டி நிறுவனத்தை வாங்கியது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இப்படி வாங்கிய நிறுவனங்களுக்குப் பேருந்தும் டயரும் எரிபொருளும் தாங்களே விற்பதற்குக் கூட்டுச் சதி செய்ததாக 1949இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு விதித்த அபராதம் 5,000 டாலர்தான். ஆனால் அவர்கள் வாங்கியது மஞ்சள் வண்டிகளை, ஊர்விட்டு ஊர் ஓடிய சிவப்பு வண்டிகளை அல்ல. நெரிசலும், பராமரிப்பில்லாத பாதையும், விரைவுச்சாலைகளுக்கு மட்டும் பணத்தைக் கொட்டிய அரசாங்கங்களும் சிவப்பு வண்டிகளை ஏற்கெனவே வீழ்த்திக்கொண்டிருந்தன. எல்லாப் பழியையும் சதியின்மேல் போட்டுவிட்டால், ரயிலுக்குத் தனி வழியும் தொடர்ந்து பணமும் வேண்டும் என்ற பாடம் மறைந்துபோகும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

லாங் பீச்சுக்கு மறுபடி ரயில் வந்தது 1990 ஜூலை 14 அன்று, பெரும்பாலும் அதே பழைய பாதையில். க்ளெண்டோரா 74 ஆண்டுகள் காத்திருந்தது. பணத்தைப் பெரும்பாலும் அந்த மாவட்டத்து மக்களே தந்தார்கள்: 2008இலும் 2016இலும் விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக்கொள்ள வாக்கெடுப்பு நடந்தது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையையும் தாண்டி இரண்டு முறையும் வென்றது. காரில் போகிறவர்களே அதிகம் வாழும் ஒரு மாவட்டத்தில் இது நடந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவு செலவு செய்து ரயில் விட்டும் நெரிசல் குறைந்ததாகத் தெரியவில்லையே? என் மருமகன் இன்றும் ஒன்றரை மணி நேரம் காரில்தான் வேலைக்குப் போகிறார். வீண் செலவு என்று ஏன் சொல்லக்கூடாது?
— வாசகர், கோயம்புத்தூர்

நெரிசல் குறையாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ரயிலைச் சாலை நெரிசலை வைத்து அளப்பது சரியான அளவுகோல் அல்ல.

சாலையில் சிறிது இடம் உண்டானால், அதுவரை நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில் போனவர்களும் போகாமலே இருந்தவர்களும் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். ரயிலால் உண்டாகும் இடத்துக்கும் இதுதான் கதி, சாலையை அகலப்படுத்தினாலும் இதே கதிதான். அதே நகரில் 405ஆம் எண் விரைவுச்சாலையை செபுல்வேதா கணவாயில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அகலப்படுத்தி 2014இல் முடித்தார்கள். வேலைக்காக 2011இல் ஒரு வாரயிறுதி முழுக்கச் சாலையையே மூடினார்கள். பணி முடிந்த பிறகும் போக்குவரத்து மிகுந்த நேரங்களில் பயண நேரம் குறையவில்லை. அதை யாரும் வீண் செலவு என்று சொல்லிச் சாலை போடுவதை நிறுத்தவில்லையே?

சரியான கேள்வி, நெரிசலுக்குள் சிக்காமல் போக ஒரு வழி இருக்கிறதா என்பதே. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்லன் போர்னெட்டும் அவருடைய குழுவினரும், அதே நகரில் 2012இல் திறந்த எக்ஸ்போ என்ற ரயில் தடத்தை ஒட்டிய வீடுகளை ரயில் வருவதற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தார்கள். நிலையத்துக்கு அரை மைலுக்குள் இருந்த குடும்பங்கள், தள்ளியிருந்த குடும்பங்களைக் காட்டிலும் நாளொன்றுக்குச் சுமார் 10 மைல் குறைவாகக் கார் ஓட்டின என்பது அவர்கள் கண்டது. அரை மைல் என்பதுதான் இதில் உயிரான சொல். நிலையத்தைச் சுற்றி அரை மைலுக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு தடம் பயன்படுகிறது.

புதிய நான்கு நிலையங்களைச் சுற்றி இன்று பெரும்பாலும் தனி வீடுகளும், கிடங்குகளும், கார் நிறுத்துமிடங்களும்தான் இருக்கின்றன. நான்கிலும் பயணிகளுக்கென்றே பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீடுகள் பரந்து கிடக்கும் ஊரில் வேறு எப்படி வந்து ஏறுவார்கள்? ஆனால் நிலையத்துக்கு மிக அருகிலுள்ள நிலத்தைக் காலையிலிருந்து மாலை வரை அசையாமல் நிற்கும் கார்களுக்குக் கொடுத்துவிட்டால், அங்கே வாழக்கூடிய குடும்பங்களுக்கு இடமில்லாமல் போகிறது. சட்டம் மெல்ல மாறிவருகிறது. பெரிய போக்குவரத்து நிறுத்தங்களுக்கு அரை மைலுக்குள் எழும் கட்டடங்களுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியைக் கலிஃபோர்னியா 2022இல் நீக்கியது. ரயில் நிலையங்களையொட்டிக் கூடுதல் மாடிகள் கட்ட வழிசெய்யும் சட்டத்தில் ஆளுநர் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். கட்டடங்கள் எழுந்து மக்கள் குடிவரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பொமோனா நீட்டிப்பை அப்போது எடைபோடுவதே நியாயம்.

உங்கள் மருமகனின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அருகில் நிலையம் இல்லை என்றால், அவர் காரில் போவதில் தவறே இல்லை. அவருக்கு இந்த ரயில் பயன்படவில்லை என்பதிலிருந்து யாருக்கும் பயன்படவில்லை என்ற முடிவுக்கு மட்டும் வர வேண்டாம்.

அந்த ஊர் ரயில் சாலை சிக்னலில் நின்று போகிறது என்று நண்பர் சொன்னார். நம் சென்னையில் அப்படி இல்லையே?
— வாசகர், ஆலந்தூர்

நகர மையத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்துக்கு அப்படித்தான். சென்னை மெட்ரோ முழுக்க மேம்பாலத்திலோ சுரங்கத்திலோ ஓடுகிறது, அதனால் சாலையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. 'ஏ' தடமோ செலவைக் குறைக்க வேண்டிச் சில இடங்களில் சாலை மட்டத்திலேயே போடப்பட்டது. க்ளெண்டோரா பக்கத்தில் சாலையைக் கடக்கும் இடங்களில் தடுப்புக் கதவு விழுந்து ரயிலுக்கு வழிவிடுகிறது, நம் லெவல் கிராஸிங்கைப் போல. ஆனால் ஃப்ளவர் தெருவிலும் வாஷிங்டன் சாலையிலும் கதவு கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கும் மூன்று பெட்டி ரயில், சிவப்பு விளக்கு மாறுவதற்காக நின்றுகொண்டிருக்கும். குறுக்கே ஒருவர் மட்டும் அமர்ந்த கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். பச்சை விளக்கை ரயிலுக்கு முதலில் தருவது பெரிய பொறியியல் சாதனை அல்ல, புதிதாகத் தண்டவாளம் போட வேண்டியதும் இல்லை. சிக்னல்கள் நகராட்சியின் பொறுப்பில், ரயில் மாவட்ட மெட்ரோவின் பொறுப்பில். கோடிக்கணக்கில் செலவழித்து 9 மைல் நீட்டுகிற ஊர், இந்தச் சில சந்திப்புகளில் ரயிலுக்கு முன்னுரிமை கொடுத்தால் தடம் முழுவதிலும் பயணிகளுக்கு நேரம் மிச்சமாகும். இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மகள் லாங் பீச்சில் இருக்கிறாள். ஆர்ட்டீசியாவில் நம் மளிகைக் கடைகளும் புடவைக் கடைகளும் நிறைய உண்டு என்கிறார்கள். 'ஏ' தடத்திலேயே ஆர்ட்டீசியா என்று ஒரு நிலையம் இருக்கிறதே, ரயிலிலேயே போய்விடலாமா?
— வாசகி, காரைக்குடி

தயவுசெய்து அங்கே இறங்கிவிடாதீர்கள். அந்த நிலையம் இருப்பது காம்ப்டன் நகரில். ஆர்ட்டீசியா புல்வார்ட் என்ற நீண்ட சாலையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் கடைகள் உள்ள பயனியர் வீதி இருப்பது ஆர்ட்டீசியா என்ற தனி நகரில், அங்கிருந்து பல மைல் கிழக்கே. இப்போதைக்கு மகளின் காரோ பேருந்தோதான் வழி. மெட்ரோ திட்டமிட்டிருக்கும் சௌத்ஈஸ்ட் கேட்வே தடம் அந்த நகரிலேயே, பயனியர் என்ற நிலையத்தில்தான் முடியப்போகிறது. 2030களின் நடுப்பகுதிக்கு முன் அது வராது.

ரயிலில் பாதுகாப்பு இல்லை, ஏறவே வேண்டாம் என்று மகன் கண்டிப்பாகச் சொல்கிறான். அவ்வளவு மோசமா?
— வாசகர், திருநெல்வேலி

உங்கள் மகன் காரணமில்லாமல் சொல்லவில்லை. வீடில்லாதவர்களின் துயரம் லாஸ் ஏஞ்சலஸில் மிகப் பெரியது, தங்க இடமில்லாதவர்கள் பலர் ரயிலில்தான் இரவைக் கழிக்கிறார்கள். மனநலம் குன்றியவர்களும் போதைக்கு ஆளானவர்களும் சில நேரம் பெட்டியில் இருப்பார்கள். தனக்குத்தானே உரக்கப் பேசுவார்கள், சிலர் புகை பிடிப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், சில வேளைகளில் அச்சமாகவும் இருக்கும். குற்றச் செயல்கள் நடந்ததும் உண்டு. அதே பெட்டியில் கல்லூரி மாணவர்களும், மருத்துவமனை ஊழியர்களும், குழந்தையோடு வரும் தாய்மார்களும் தினந்தோறும் போய்வருகிறார்கள் என்பதும் உண்மை.

பகல் நேரத்தில், ஆள்கள் உள்ள பெட்டியில், இருவராகச் செல்லுங்கள். ஓட்டுநருக்கு அடுத்த முதல் பெட்டியில் ஏறுவது நல்லது. பகலில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வருவதால், ஒரு பெட்டி பிடிக்கவில்லை என்றால் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இரவில் இடைவெளி 20 நிமிடம் வரை நீளும், அப்போது தனியாக நடைமேடையில் காத்திருக்க வேண்டாம். 2022 முதல் மெட்ரோ, இளம்பச்சைச் சட்டை அணிந்த உதவியாளர்களை நிலையங்களிலும் வண்டிகளிலும் நியமித்திருக்கிறது. அவர்கள் காவலர்கள் அல்ல, ஆனால் வழி கேட்கவும் உதவி கேட்கவும் தயங்க வேண்டியதில்லை. மகனை ஒரு சனிக்கிழமை உங்களோடு பாசடீனா வரை வரச் சொல்லுங்கள். அங்கே வசிக்கும் பலர் ஒரு முறைகூட ஏறிப் பார்க்காமலே அந்த ரயிலைப் பற்றி முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

2028 ஒலிம்பிக் கிரிக்கெட் பொமோனாவில்தான் நடக்கிறதாமே? இந்த ரயிலில் நேரே மைதானத்துக்குப் போகலாமா?
— வாசகர், சேலம்

ஆம், அங்கேதான். 1900ஆம் ஆண்டு பாரிஸுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிரிக்கெட் நடப்பது இதுவே முதல் முறை. ஆண்கள் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் ஆறு ஆறு அணிகள் இருபது ஓவர் ஆட்டம் ஆடும். பொமோனாவில் ஃபேர்ப்ளெக்ஸ் என்ற பெரிய கண்காட்சித் திடலில் தற்காலிக மைதானம் அமைக்கிறார்கள். 'லா வெர்ன் / ஃபேர்ப்ளெக்ஸ்' என்று அதன் பெயரையே தாங்கிய புதிய நிலையம் திடலின் வடக்கு எல்லைக்கு அருகில் இருக்கிறது. திடல் மிகப் பெரியது என்பதால், நுழைவாயிலை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நடக்க வேண்டிய தூரம் அமையும்.

நகர மையத்தில் தங்கினால் இந்த ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். யூனியன் ஸ்டேஷனிலிருந்து சான் பெர்னார்டினோ பக்கம் போகும் மெட்ரோலிங்க் என்ற புறநகர் ரயிலும் உண்டு. அது பொமோனா நார்த் நிலையத்தில், 'ஏ' தடத்து நிலையத்துக்கு அருகிலேயே நிற்கிறது. நிறுத்தங்கள் குறைவு என்பதால் விரைவாகப் போய்ச் சேரலாம், ஆனால் வண்டிகளும் குறைவு, கட்டணமும் தனி. போகும்போது மெட்ரோலிங்கும், ஆட்டம் முடிந்து திரும்பும்போது அடிக்கடி வரும் 'ஏ' தடமும் என்று திட்டமிட்டால் வசதியாக இருக்கும். ஆட்டம் முடிந்தவுடன் அட்டை இயந்திரத்தின் முன் வரிசை நீளும், ஆகவே திரும்பும் பயணத்துக்கான பணத்தையும் காலையிலேயே அட்டையில் ஏற்றிவிடுங்கள்.